உங்கள் கிறிஸ்மா யார்? சீட்டுக் குலுக்கலில் ரகசியம் கசியும் இடங்கள்

டிசம்பர் பிறந்ததும் திருச்சி, தஞ்சாவூர் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் கிறிஸ்துமஸ் ரகசியப் பரிசு விளையாட்டுக்காக எவர்சில்வர் டப்பாவும் கிழித்த நோட்டுத்தாளும் வெளியே வரும். ஆளுக்கொரு சீட்டு. அதில் யார் பெயரோ அவர் உங்கள் கிறிஸ்சைல்டு. நீங்கள் அவருக்குக் கிறிஸ்மா. விடுமுறை விடும் நாள்வரை யாரென்று காட்டிக்கொள்ளாமல் அவர் மேசையில் கடலைமிட்டாயோ பேனாவோ வைத்துவிட்டு நழுவிவிட வேண்டும். பெயர், ஊர், தொகை மூன்றையும் மொய் நோட்டில் ஏற்றிவிட்டே கவரை நீட்டிப் பழகிய நமக்கு, பெயரில்லாமல் கொடுப்பது கொஞ்சம் கடினமான பயிற்சிதான். ஆனால் பெரும்பாலும் ரகசியம் உடைவது வாய் நீண்டவர்களால் அல்ல. சீட்டு எடுக்கும் முறையிலேயே ஓட்டை இருக்கிறது.

முதல் ஓட்டை, தன் பெயர் தனக்கே வருவது. 24 பேர் இருந்தால், ஒருவர் தன் பெயரையே எடுக்கும் வாய்ப்பு 24-ல் 1. இதுவே குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த வாய்ப்பு 24 பேருக்கும் இருக்கிறது. 24 முறை 1/24 என்று கூட்டினால், சராசரியாக ஒரு குலுக்கலுக்கு ஒருவர் மாட்டுகிறார். 10 பேர் என்றாலும் 100 பேர் என்றாலும் இந்தச் சராசரி 1-தான். ஒருவருமே மாட்டாமல் குலுக்கல் சுத்தமாக முடியும் வாய்ப்பு, 3 பேருக்கு 6-ல் 2. 4 பேருக்கு 24-ல் 9. 5 பேருக்கு 120-ல் 44. 6 பேருக்கு 720-ல் 265. அதற்குமேல் எத்தனை பேரைச் சேர்த்தாலும் 36.8 விழுக்காட்டிலேயே நின்றுவிடும். 1708-ல் மோன்மோர் என்ற பிரெஞ்சுக் கணிதர் 13 சீட்டுகளை வைத்து ஆடும் சூதாட்டத்துக்காகக் கிளப்பிய கேள்விதான் இது. விடையில் வந்து நிற்பது 1/e. e என்பது ஏறக்குறைய 2.718 என்ற கணித மாறிலி. அதாவது மூன்று குலுக்கலில் ஏறக்குறைய இரண்டு கெட்டுப்போகும்.

கெட்டால் எல்லாச் சீட்டையும் டப்பாவில் போட்டு மறுபடி குலுக்குவது நேர்மையான வழி. சராசரியாக 2.7 முறை குலுக்க வேண்டும், அவ்வளவுதான். யாருக்கும் அந்தப் பொறுமை இருப்பதில்லை, ஒட்டுவேலையில் இறங்குவார்கள். "எனக்கே வந்துடுச்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சீட்டை மாற்றிக்கொள்வது அதில் ஒன்று. மாற்றிய நொடியே உங்கள் பெயர் அவர் கையில். உங்கள் கிறிஸ்மா யாரென்று உங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது! இன்னொன்று, தன் பெயர் வந்தவர் மட்டும் சீட்டைத் திரும்பப் போட்டு வேறு எடுப்பது. கடைசி ஆளுக்கு மிஞ்சுவது ஒரே சீட்டு. அது அவர் பெயராக இருந்தால் போக்கிடம் இல்லை. 3 பேரில் இது நடக்க வாய்ப்பு 4-ல் 1, 4 பேரில் 36-ல் 5.

குலுக்குவதிலும் கவனம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் மெல்லிய தாள் பதமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டப்பாவை எவ்வளவு ஆட்டினாலும் ஒட்டிய சீட்டுகள் சேர்ந்தே புரளும். கடைசியில் போட்டவை மேலேயே கிடக்கும். சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (10-ஆம் நூற்றாண்டு) குடவோலை முறையில் இதற்கெல்லாம் விதி வைத்திருக்கிறது: ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன், அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஏமாற்ற நினைப்பவன் விரலிடுக்கில் என்ன செய்வான் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

எல்லா ஓட்டையையும் ஒரே அடியில் அடைக்க ஒரு வழி உண்டு. வீட்டில் மீந்துபோன கல்யாணப் பத்திரிகை வேண்டும். எல்லாம் ஒரே கல்யாணத்துடையதாக இருக்கட்டும், அப்போதுதான் பின்பக்கம் ஒன்றுபோல இருக்கும்; அந்தத் தடிமனில் மையும் மறுபக்கம் தெரியாது. 10 செ.மீ. உயர அட்டைகளாக, ஆளுக்கொன்று வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மேல்பாதியில் 'நீ 1', கீழ்பாதியில் 'உன் சைல்டு 1' என்று இரண்டிலும் ஒரே எண்ணை எழுதிக்கொண்டே போங்கள். 6-க்கும் 9-க்கும் அடிக்கோடு அவசியம். கவிழ்த்தபின் கீழ்பாதி எதுவென்று தெரிய, அதன் முதுகில் மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். கவிழ்த்து, நன்றாகக் கலைத்து, கவிழ்ந்தபடியே தரையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டுங்கள். இப்போது கீழ்பாதிகளை மட்டும் ஓரிடம் வலப்பக்கம் நகர்த்தி, கடைசியில் இருந்ததை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கலைத்த வரிசை 4, 1, 5, 2, 3 என்று வைத்துக்கொள்வோம். நகர்த்தியபின் கீழே 3, 4, 1, 5, 2. ஆக 4-ன் சைல்டு 3, 1-ன் சைல்டு 4, 5-ன் சைல்டு 1, 2-ன் சைல்டு 5, 3-ன் சைல்டு 2. யாருக்கும் தன் எண் வராது, வரவே முடியாது. அட்டைகள் கவிழ்ந்தே இருப்பதால் வெட்டியவருக்கும் ஒன்றும் தெரியாது.

இங்கே அவசரப்பட்டு வரிசையிலிருந்தே ஆளுக்கொரு ஜோடியை எடுக்க விட்டால் உழைப்பு வீண். ஒவ்வொருவருக்கும் சைல்டு, அவருக்கு இடப்பக்கம் எடுத்தவர் என்று பார்த்துக்கொண்டிருந்த எவரும் சொல்லிவிடுவார். ஜோடிகளை ஒரே மாதிரி மொய்க் கவர்களில் போட்டு, அந்தக் கவர்களையும் ஒருமுறை கலைத்த பிறகே எடுக்க வேண்டும். எடுத்தவர்கள் சுவரில் ஒட்டிய பட்டியலில் தங்கள் 'நீ' எண்ணுக்கு எதிரே பெயரை எழுதட்டும். எல்லாரும் எழுதி முடித்தபின் சைல்டு எண்ணை அதில் பார்த்துக்கொள்ளலாம். 3 பேருக்கு இந்த முறை உதவாது. என் சைல்டு தெரிந்தால் மிச்சமிருப்பவர்தான் என் கிறிஸ்மா. 4 பேரில் இரண்டு பேர்மேல் சந்தேகம். ஏழெட்டுப் பேராவது சேர்ந்தால் சுவாரசியம்.

நடுவில் ஒருவர் கழன்றுகொண்டால்? டெல்டாவில் டிசம்பர் என்றால் புயல் எச்சரிக்கை வரும். வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகள் முதல் பேருந்திலேயே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். போகிறவர் 7-ஆம் எண் என்றால், பட்டியலில் தன் பெயரை அடித்துவிட்டு அங்கே தன் சைல்டின் பெயரை எழுதிவிட்டுப் போனால் போதும். 7 என்ற அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் சத்தமில்லாமல் புது சைல்டை எடுத்துக்கொள்வார். அவர் யாரென்று வேறொருவருக்கும் தெரியாது.

பரிசை வைப்பதில் கசிவது வேறு கதை. யுபிஐயில் பணம் அனுப்பினால் பெயர் கூடவே போகும். கையெழுத்து காட்டிக்கொடுக்கும், இடது கையால் பெரிய எழுத்தில் எழுதலாம், அல்லது அடுத்த அறைக்காரரை எழுதச் சொல்லலாம். தலையாட்டி பொம்மையைத் தஞ்சாவூர்க் கடைப் பையோடு வைத்தால், அந்த வாரம் தஞ்சாவூர் போய்வந்தவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

கடைசி நாளில் யாராவது ஒருவரில் தொடங்கி, அவர் தன் சைல்டைக் காட்ட, சைல்டு தன் சைல்டைக் காட்ட, எல்லாரையும் தொட்டு முதல் ஆளிடம் வந்து சங்கிலி மூட வேண்டும். நடுவிலேயே மூடிக்கொண்டு இரண்டு மூன்று பேர் தனியாக நின்றால், 6-க்கும் 9-க்கும் கோடு போட மறந்திருப்பீர்கள்.