நினைவு வீச்சு: ‘மெமரி ஸ்பேன்’ என்ற சொல்லுக்கு விளக்கம்

ஒரே ஒரு முறை கேட்டதை, கேட்ட வரிசை மாறாமல், உடனே எத்தனை உருப்படி வரை திருப்பிச் சொல்ல முடிகிறதோ அந்த அளவுதான் மெமரி ஸ்பேன். எண்களை வைத்து அளந்தால் ‘டிஜிட் ஸ்பேன்’. படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு எடுக்கும் உளவியல் சோதனையிலும், மறதி கூடிவரும் பெரியவருக்கு எடுக்கும் சோதனையிலும் இந்தப் பகுதி பெரும்பாலும் இருக்கும். அறிக்கையில் அந்த வரியைப் பார்த்ததும் ‘ஞாபக சக்தி குறைவாம்’ என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிடுகிறது. அப்படிப் படிப்பது தவறு. ஏன் தவறு என்பதைச் சொல்லின் வேரே காட்டித் தருகிறது.

ஆங்கிலத்தில் ஸ்பேன் என்பது முதலில் கை அளவு. விரித்த கையின் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை, அதாவது நம்முடைய சாண். 1887-இல் லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ் பள்ளி மாணவிகளிடம் இந்தச் சோதனையை நடத்தி, வயது கூடக்கூட அளவும் கூடுவதைக் கண்டார். அவர் வைத்த பெயரில் மெமரி என்ற சொல்லே இல்லை. ‘ஸ்பேன் ஆஃப் பிரிஹென்ஷன்’ என்றார். பிரிஹென்ஷன் என்பது கையால் பற்றுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நாம் புழங்கும் ‘கிரகிப்பு’ என்ற வடசொல்லின் வேருக்கும் பற்றுதல் என்றே பொருள். ஆக, அவர் அளந்தது மனம் ஒரு பிடியில் எவ்வளவைப் பற்றுகிறது என்பதை. நேற்றுப் படித்த பாடம் தங்கியதா, போன வருடக் கல்யாணம் நினைவிருக்கிறதா என்பதெல்லாம் வேறு சங்கதி. அவற்றை அறிய, கதையைச் சொல்லி அரை மணி நேரம் கழித்துக் கேட்பது, பதினைந்து சொற்களை ஐந்து முறை வாசித்துக் கற்க வைப்பது என்று தனிச் சோதனைகள் இருக்கின்றன.

சோதனை எளியதாகத் தெரியும். விநாடிக்கு ஓர் எண் வீதம், ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசிப்பார்கள்: ‘நாலு, ஒன்பது, ஒண்ணு.’ பிள்ளை அப்படியே சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்து நான்கு எண், பிறகு ஐந்து. பின்பு தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். அதில் பற்றுவது மட்டும் போதாது, பற்றியதை மனத்துக்குள்ளேயே திருப்பிப் போட வேண்டும். பிரெஞ்சுக்காரர்களான பினே, சிமோன் இருவரும் 1908-இல் வெளியிட்ட அறிவுத்திறன் அளவுகோலில் மூன்று வயதுக்கு இரண்டு எண், ஏழு வயதுக்கு ஐந்து எண். பெரியவர்களுக்குப் பொதுவாக ஏழு எண்ணையொட்டி நிற்கும். 1980-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பல மாதம் பழகிய ஒரு மாணவர் 79 எண் வரை எட்டினார். எண்களை ஓட்டப் பந்தய நேரங்களாகத் தொகுத்துக்கொண்டார். எழுத்துகளைக் கொடுத்தபோது பழையபடி ஆறுக்கே இறங்கிவிட்டார். பிடி பெரிதாகவில்லை, கட்டிய பொட்டலம்தான் பெரிதாயிற்று.

இன்னொரு குழப்பம், வெக்ஸ்லர் என்ற பெயரில் வரும் அறிவுத்திறன் சோதனைகளின் அறிக்கையில் ‘டிஜிட் ஸ்பேன் 7’ என்று போட்டிருப்பது. பிள்ளை ஏழு எண் சொன்னதாக அதற்குப் பொருள் இல்லை. அது வயதுக்கேற்ப மாற்றிய மதிப்பெண். 10 என்பது அந்த வயதின் சராசரி.

நம்மவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எண்களை எந்த மொழியில் வாசித்தார்கள்? எண்ணின் பெயர் உச்சரிக்க நீளமாக இருந்தால் பிடிபடும் எண்ணிக்கை குறையும் என்பது வேல்ஸ் மொழியையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்ட 1980-ஆம் ஆண்டு ஆய்விலேயே தெரிந்தது. தமிழில் ஒன்று முதல் ஒன்பது வரை எந்தப் பெயரும் இரண்டு அசைக்குக் குறையாது. ஆங்கிலத்தில் ‘செவன்’ தவிர எல்லாம் ஓரசை. தவிர, நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசினாலும் போன் நம்பரை ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்கு வகுத்த சராசரியைத் தமிழில் வாசித்த சோதனைக்கு அப்படியே பொருத்துவது நியாயமில்லை.

தமிழ்ச் சொல் எது? ‘ஞாபக சக்தி’, ‘நினைவாற்றல்’ இரண்டும் நினைவு முழுவதையும் குறிப்பவை, இங்கே பொருந்தா. ‘நினைவுச் சாண்’ வேருக்கு நெருக்கம், ஆனால் யாரும் புழங்குவதில்லை. கல்வி உளவியலில் ‘அட்டென்ஷன் ஸ்பேன்’ என்பதற்குக் ‘கவன வீச்சு’ என்பது முன்பே வழக்கில் இருப்பதால் அதன் பக்கத்தில் ‘நினைவு வீச்சு’ இயல்பாக உட்காருகிறது. டிஜிட் ஸ்பேனுக்கு ‘எண் வீச்சு’ என்றே எழுதலாம். தலைகீழாகச் சொல்வதற்கு ‘பின்னோக்கு எண் வீச்சு’. அறிக்கையில் இப்படி எழுதினால் பெற்றோருக்கும் விளங்கும்: ‘எண் வீச்சு: முன்னோக்கி ஐந்து, பின்னோக்கி மூன்று. எண்கள் தமிழில் வாசிக்கப்பட்டன.’