குதிகால் வலி சாக்கு இல்லை

போன மாதம் மட்டும் குதிகால் வலியோடு ஐந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கடைசியாக வந்தவன் ஷட்டில் ஆடும் 10 வயதுப் பையன். “எத்தனை நாளா வலிக்குது தம்பி?” என்றேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாளா” என்றான். அப்பா ஃபோன் பேச வெளியே போனதும், “தீபாவளிக்கு முன்னாடியிருந்தே வலிக்குது டாக்டர். சொன்னா சாக்கு சொல்றேன்னு திட்டுவாங்க.”

குதிகாலின் இருபக்கமும் விரலால் அழுத்தினேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான். வளரும் பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி நோவதால் வரும் செவர்ஸ் நோய். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். இதில் எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும்; அதை வைத்துப் பிள்ளை நடிக்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள்.

திரும்பி வந்த அப்பா கேட்டது: “ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கு, ஊசி ஏதாவது போட முடியுமா?” முடியாது.

“இப்பவே பயிற்சியில போட்டாத்தான் சார் மேல வர முடியும்” என்கிறார்கள் பெற்றோர்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், ஆறு நாள். வாரத்துக்கு 24 மணி நேரம், 10 வயதுக்கு! பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்தைப் பயிற்சி தாண்டக் கூடாது என்பதுதான் நாங்கள் சொல்லும் கணக்கு. ரோஜர் ஃபெடரர் 12 வயது வாக்கில்தான் கால்பந்தை விட்டுவிட்டு டென்னிஸ் போதும் என்று முடிவு செய்தார். நார்வேயில் 13 வயதாகும் வருடம் வரை பிள்ளைகளைத் தேசிய சாம்பியன்ஷிப்பில் இறக்குவதே இல்லை. அந்தச் சின்ன நாடுதான் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு முதலிடம் பிடித்தது. சீக்கிரம் ஆரம்பித்தவர்தான் ஜெயிப்பார் என்று யார் சொன்னது?

வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு கொடுங்கள். வருடத்தில் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டை விட்டு வேறு எதையாவது ஆட விடுங்கள். நொண்டினால் அன்றைக்கே நிறுத்துங்கள். கோர்ட்டுக்கு வெளியே நின்று கத்தாதீர்கள், அதற்குக் கோச் இருக்கிறார். அப்புறம், தோற்றுவிட்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிற பிள்ளையிடம் மேட்ச் பற்றிப் பேசாதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும்.

அந்தப் பையனுக்கு ஆறு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தேன். நான்காவது வாரமே அவனுடைய அப்பா ஃபோன் செய்து, ராக்கெட்டை எடுக்கலாமா என்று கேட்டார். இன்னும் இரண்டு வாரம்தான், தயவுசெய்து பொறுங்கள்.