சரத்தில் வரியுரு: ‘ஸ்டர்கேர்’ என்ற ஆறெழுத்துச் சொல்

கொடைக்கானல் சந்தையில் ஒரு கதம்பச் சரம் வாங்கிக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்து, முதல் கனகாம்பரம் தட்டுப்பட்டதும் அங்கேயே பிடியுங்கள். சி என்ற நிரல்மொழியில் எஸ்-டி-ஆர்-சி-எச்-ஆர் என்று ஆங்கிலத்தில் ஆறெழுத்தாக எழுதி, ‘ஸ்டர்கேர்’ என்று நாங்கள் வாசிக்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) செய்வது இதைத்தான்.

எழுத்து, எண், குறி போன்ற ஒவ்வொன்றும் கேரக்டர்; அவற்றின் வரிசை ஸ்ட்ரிங். இரண்டையும் சுருக்கி ஒட்டிய பெயர் அது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பழைய பதிப்புகளில் இதே வேலைக்கு ‘இண்டெக்ஸ்’ என்று பெயர். 1989இன் சி தரநிலை, நூலகப் பெயர்கள் இரண்டை வேறுபடுத்த முதல் 6 எழுத்து வரைதான் பார்க்கப்படும் என்று உறுதி தந்தது. பெயர்கள் இப்படிக் குறுகியிருப்பதற்கு அத்தகைய பழைய வரம்பு ஒரு காரணம்.

ஸ்ட்ரிங்குக்குத் தமிழில் சரம். வடமொழி வழி வந்த சொல்தான் (‘சரமாரி’யில் உள்ள சரம் வேறு, அது அம்பு). கோவை என்று தனித்தமிழில் சொல்லலாம். ஆனால் கேட்பவருக்கு ஊர்தான் நினைவுக்கு வரும். பூக்கட்டும் வீடுகளில் நாளும் புழங்குகிற சரமே என் தேர்வு. கடைசி முடிச்சுகூடப் பொருந்துகிறது: சி மொழியில் ஒவ்வொரு சரமும் பூஜ்ய மதிப்புள்ள ஒரு பைட்டில் (நினைவகத்தின் ஒரு சிறு அலகில்) முடியும். ஸ்டர்கேரிடம் அந்த முடிச்சையே தேடச் சொன்னாலும் கண்டுபிடித்துத் தரும்.

மாணவர்கள் இடறுவது விடையில். ‘எத்தனையாவது பூ’ என்ற எண் வராது. பிடித்த இடத்தின் நினைவக முகவரி வரும். அதிலிருந்து சரத்தின் தொடக்க முகவரியைக் கழித்தால்தான் எண், அதுவும் பூஜ்யத்திலிருந்து எண்ணியது. தேடியது இல்லையென்றால் ‘நல்’ என்ற, எதையும் சுட்டாத வெற்று முகவரி வரும். அதைச் சோதிக்காமல் அடுத்த வரிக்குப் போகவே கூடாது.

கேரக்டர் கிரேக்கச் சொல். பொறித்த அடையாளம் என்று பொருள். தமிழில் ‘எழுத்து’ போதாது. இடைவெளி, எண், காற்புள்ளி எல்லாமே கணினிக்குக் கேரக்டர்தான். அதனால் வரியுரு: வரி, அதாவது கோடு, அதனால் ஆன உரு. பொறித்தலுக்கும் வரைதலுக்கும் எவ்வளவு நெருக்கம்!

அப்புறம் நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்று. ‘கொடை’ நமக்கு 2 எழுத்து. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது 4 குறியீடு (‘க’, ஒகரக் குறி, ‘ட’, ஐகாரக் குறி), 12 பைட்டு. ஸ்டர்கேர் ஒரு பைட்டைத்தான் தேடும். ‘ட’வோ 3 பைட்டு. ஆகவே சரத்துக்குள் சரம் தேடும் ‘ஸ்டர்ஸ்டர்’ வேண்டும். அதிலும் கவனம் தேவை: ‘க’ இருக்கிறதா என்று கேட்டால், ‘கொ’வுக்குள் இருக்கும் ‘க’வையும் எடுத்து நீட்டும். அடுத்து உயிர்மெய்க்குறியோ புள்ளியோ ஒட்டியிருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.