ஸ்பீக்கருக்கு எதிரே எங்கே நிற்பது?

1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. நியூயார்க் மாநிலத்தில் பெத்தெல் என்ற ஊரின் பால்பண்ணை ஒன்றில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழா முடியப்போகிறது. வந்திருந்த லட்சக்கணக்கானோரில் பெரும்பாலோர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்த கூட்டத்துக்கு முன்னால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். ராக்கெட்டும் குண்டும் வருகிற வரிகளை எட்டியதும் மெட்டை விட்டு விலகினார். விமானம் தாழப் பாய்வது போலவும் ஏதோ சரிந்து விழுவது போலவும் ஒலிகள் கிளம்பின. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த சமயம். அந்த ஒலிகள் எதைச் சுட்டின என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பதிவைக் கூர்ந்து கேளுங்கள். பல இடங்களில் அவர் கம்பியைத் தொட்டு மீட்டவே இல்லை. முன்பு மீட்டிய சுரம் அணையாமல் நிற்கிறது, பெருக்கிறது, தானாகவே மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. சாதாரணக் கிட்டாரில் மீட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். கம்பியின் ஆற்றல் மரத்துக்கும் காற்றுக்கும் கசிந்து போய்விடும். இங்கே அந்தக் கசிவை ஈடுகட்ட யாரோ தொடர்ந்து ஆற்றல் ஊட்டுகிறார்கள். அவருடைய முதுகுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு நிற்கும் மார்ஷல் ஸ்பீக்கர் பெட்டிகள்தான் அந்த 'யாரோ'.

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பியதும் 'கூ...' என்று காது கிழிய ஒரு சத்தம் வருமே, அடிப்படையில் இதுவும் அதே சங்கதிதான். மைக்கில் விழுந்த ஒலியை ஆம்ப்ளிஃபையர் பெருக்குகிறது, ஸ்பீக்கர் வெளியே விடுகிறது, அது மறுபடி மைக்கில் விழுகிறது. ஒரு சுற்று முடிந்து திரும்பும் ஒலி, கிளம்பியபோது இருந்ததைவிடப் பலமாக இருந்தால் அது சுற்றுக்குச் சுற்று வளரும். டென்மார்க் அறிவியலாளர் சோரன் லார்சனின் பெயரால் இதை லார்சன் விளைவு என்பார்கள். இசைக்காரர்கள் சொல்வது ஃபீட்பேக்.

மண்டபத்து மைக் நாராசமாகக் கத்துகிறது. ஹெண்ட்ரிக்ஸின் கிட்டார் பாடுகிறது. ஏன் இந்த வேறுபாடு? நடுவில் கம்பி இருக்கிறது. மின்கிட்டாரில் மைக் கிடையாது. கம்பிகளுக்குக் கீழே ஒரு காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பியும் கொண்ட பிக்கப் இருக்கும். எஃகுக் கம்பி காந்தப் புலத்தில் அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான். ஆகவே ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் ஒலி, முதலில் கம்பியை ஆட்டியாக வேண்டும். கம்பியோ எல்லா அதிர்வெண்ணுக்கும் ஆடாது. 110 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டிய கம்பி 110, 220, 330, 440 என்று அதன் மடங்குகளுக்கு மட்டுமே தாராளமாக இசைந்து கொடுக்கும். மற்றதை ஏறக்குறைய சட்டை செய்யாது. அந்த மடங்குகள் அத்தனையும் அடிச்சுரத்தோடு உறவுள்ளவை. எனவே எது வளர்ந்தாலும் காதுக்குச் சுரமாகவே கேட்கும்.

ஆனால் எந்த மடங்கு வளரும்? இங்கேதான் கலைஞரின் கால்களுக்கு வேலை வருகிறது. ஊஞ்சலை உந்துகிறவர் அது தன்னிடம் வந்து திரும்பும் நேரம் பார்த்து உந்த வேண்டும், எதிரே வரும்போது தள்ளினால் நின்றுவிடும். திரும்பி வரும் ஒலி அலையும் கம்பியின் ஆட்டத்தோடு அப்படி நேரம் ஒத்துப்போக வேண்டும். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதாவது ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி. 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் அலைநீளம் 78 சென்டிமீட்டர். அதில் பாதி, 39 சென்டிமீட்டர், நகர்ந்தால் போதும், துணை நின்ற அலை எதிராளியாகிவிடும். 440 அடங்கும், அந்த இடத்துக்கு ஒத்துவரும் வேறொரு மடங்கு தலைதூக்கும். மேடையில் கிட்டார்காரர் சட்டென்று ஸ்பீக்கர் பக்கம் திரும்புவதும், அரையடி பின்வாங்குவதும், கிட்டாரைச் சாய்த்துப் பிடிப்பதும் வெறும் ஆட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் ஆட்டமும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை.

பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் இதைக் கணக்குப்பிள்ளை போலச் செய்தார். 1977இல் பெர்லினின் ஹான்சா ஸ்டூடியோவில் பாடகர் டேவிட் போவிக்காக வாசித்தபோது, எந்தச் சுரம் ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிலைக்கிறது என்று பார்த்துத் தரையில் டேப் ஒட்டி வைத்துக்கொண்டாராம். சுரத்துக்குச் சுரம் இடம் மாறி நின்று வாசித்தார். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொன்ன தகவல் இது. கார்லோஸ் சந்தானாவும் கச்சேரிக்கு முன் மேடையில் நடந்து பார்த்து, சுரம் நிற்கிற இடத்தைக் குறித்துக்கொள்வது வழக்கம்.

ஹெண்ட்ரிக்ஸிடம் கூடுதலாக ஓர் ஆயுதம் இருந்தது: கம்பிகளின் இழுவிசையை ஒரேயடியாகத் தளர்த்தும் நெம்புகோல். சுரம் ஸ்பீக்கரின் பலத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே அதை அழுத்துவார். இழுவிசை குறையக் குறைய அதிர்வெண் இறங்கும், இறங்குகிற வழியில் நேரப் பொருத்தம் குலைந்து ஒரு மடங்கு கைவிட, இன்னொன்று பிடித்துக்கொள்ளும். வுட்ஸ்டாக்கில் கேட்ட அந்த ஊளையும் சரிவும் இப்படி வந்தவை.

சரி, வளர்கிற ஒலி எல்லையில்லாமல் வளர்ந்துவிடாதா? வளராது, ஏனென்றால் ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு கூரை உண்டு. வால்வு ரேடியோ காலத்து வால்வுகள்தாம் அந்த ஆம்ப்ளிஃபையர்களில் இருந்தன. அவற்றால் தர முடிந்த உச்சத்தை அலை தாண்ட முயன்றால் அலையின் தலை வெட்டுப்படும். அந்த வெட்டுதான் ராக் கிட்டாரின் கரகரப்பு, டிஸ்டார்ஷன். தலை வெட்டுப்பட்ட அலையில் புதிய மேற்சுரங்கள் முளைக்கின்றன. இன்னொரு லாபமும் உண்டு: கம்பியின் அதிர்வு தேய்ந்துகொண்டே போனாலும் வெளியே வரும் ஒலி கூரையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்பவருக்குச் சுரம் தேய்வதே தெரியாது. ராக் இசையில் மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முழு கார்டை விட்டுவிட்டு ச-ப என்ற இரண்டு சுரங்களை மட்டும் சேர்த்து அடிப்பதற்கும் இதுவே காரணம். 110, 165 ஹெர்ட்ஸ் சுரங்கள் இரண்டும் வெட்டுப்படும்போது அவற்றின் வித்தியாசமான 55 ஹெர்ட்ஸும் பிறக்கிறது. அதாவது வாசிக்காத கீழ் ஸ்தாயி ஷட்ஜமம் இனாமாகக் கிடைக்கிறது. காந்தாரத்தையும் சேர்த்து அடித்தால் இந்த வித்தியாசங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கலாகிவிடும்.

இத்தனைக்கும் இவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபையர்கள் கலைக்காகப் பிறந்தவை அல்ல. 1965 ஆகஸ்ட்டில் பீட்டில்ஸ் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,600 பேர் முன் வாசித்தார்கள். அவர்களுக்காக வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்திருந்தது. அப்படியும் ரசிகர்களின் அலறலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. லண்டனில் டிரம்ஸ் வாசிப்பவராக இருந்து கடை வைத்த ஜிம் மார்ஷலிடம், தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒரே பெட்டி கேட்டார். தூக்கிச் சுமந்த ஆட்கள் முணுமுணுக்க, அது நான்கு நான்காகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. ராக் மேடையின் அடையாளமான அந்தக் கறுப்புச் சுவர் இடுப்புவலியில் உருவானது! இதில் ஒரு வேடிக்கை: 50 வாட்டை 100 ஆக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும், காதுக்கு லேசாகத்தான் தெரியும். ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும்.

ஃபீட்பேக்கை மனதில் வைத்தே கிட்டார் செய்தவர் குயீன் ராக் குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே. 1963இல், பள்ளிப் பையனாக, அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் கழுத்தைச் செதுக்கினார். நெம்புகோலுக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள், அதன் நுனிக்குப் பின்னல் ஊசி, விரல்பலகைப் புள்ளிகளுக்கு முத்துச்சிப்பிப் பொத்தான்கள். உடலின் உள்ளே வேண்டுமென்றே பொள்ளல்கள் விட்டார், ஸ்பீக்கரின் ஒலிக்கு மரமும் அதிரட்டும் என்று. அதே சமயம் பிக்கப்பின் சுருள் தளர்வாக இருந்தால் சுருளே மைக் போல அதிர்ந்து கீச்சிடும். அதில் கம்பியின் வடிகட்டல் இல்லை, வெறும் மண்டபத்துக் கூச்சல்தான் மிஞ்சும். எனவே சுருளை அரால்டைட் பசை ஊற்றி இறுக்கிவிட்டார். நல்ல ஃபீட்பேக்குக்குக் கதவைத் திறந்து கெட்டதற்குத் தாழிட்ட வேலை. பின்னாளில் வானியற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் வேறெப்படி யோசிப்பார்?

பழைய ராக் ரசிகர்கள் ஒரே பாட்டின் பத்து மேடைப் பதிவுகளைத் தேடிச் சேர்ப்பதைப் பைத்தியம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். என் கட்சி அவர்கள் பக்கம். இந்தச் சுற்றில் மேடைப் பலகையும் கூரையின் உயரமும் சுவர்களும் உறுப்பினர்கள். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. நேற்று நின்ற இடத்தில் இன்று அதே சுரம் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. கலைஞர் அந்தக் கணத்தில் காதால் தேடிப் பிடிக்கிறார், சில சமயம் கோட்டைவிடுகிறார். பத்துப் பதிவிலும் பத்து வேறு தீர்வுகள் இருக்கின்றன.

விலையும் உண்டு. 85 டெசிபெல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபெலில் வெறும் 15 நிமிடம். டவுன்ஷெண்ட் தன் செவித்திறன் குறைந்ததைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். அவர் மேடையைவிட ஸ்டூடியோ ஹெட்ஃபோனையே அதிகம் குறை சொன்னார்.

இன்றைய பல மேடைகளில் ஸ்பீக்கர் சுவரே கிடையாது. கிட்டாரின் மின்சமிக்ஞை நேராகக் கணினிப் பெட்டிக்குள் போகிறது, வாசிப்பவர் காதுக்குள் செருகிய கருவியில் கேட்டுக்கொள்கிறார். சுரத்தை நிறுத்தி வைக்க 1970களிலேயே வந்த ஈபோ என்ற கைக்கருவி இருக்கிறது: ஒரு சுருள் கம்பியின் அதிர்வை உணரும், இன்னொரு சுருள் காந்தவிசையால் அதைத் திரும்ப உந்தும். காற்றே வேண்டாம், மொத்தச் சுற்றும் உள்ளங்கைக்குள் முடிந்துவிடும். கம்பிமேல் பிடித்திருக்கும்வரை சுரம் நிற்கும், மேடையில் எங்கே நின்றாலும் ஒரே மாதிரி. பிரையன் மேயோ இன்னும் தன் பின்னால் வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்களை அடுக்கி வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறார்.