ஒரே பேஸில் இரண்டு வகை பிக்கப்: கூட்டலும் கழித்தலும்

பி-ஜே (P-J) பேஸ் கிட்டார் ஒன்றைக் கையில் எடுங்கள். தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்களில் பி வகை ஒன்றும் ஜே வகை ஒன்றும் அதில் இருக்கும். பி பிக்கப்பை முழுதாகத் திறந்து, ஜே பிக்கப்பை மூடிவிட்டு, ஈ (E) தந்தியை அழுத்தாமல் மீட்டுங்கள். தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஜே-யின் வால்யூம் குமிழை மெதுவாகத் திருகுங்கள். இன்னொரு பிக்கப் சேர்கிறது, எனவே ஒலி தடிக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் குமிழ் கடைசிவரை போனதும் ஒலியின் வயிறு உள்வாங்கிவிடும். அடியில் கனம் இருக்கும், மேலே பளபளப்பும் இருக்கும், நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

கலப்பு பிக்கப் பேஸ் வாங்கவோ கட்டவோ நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பள்ளத்தைத்தான். பெட்டியில் எந்த பிராண்ட் பெயர் எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

பிக்கப்புக்கு ஒலி கேட்காது. அதற்குத் தெரிவதெல்லாம் எஃகின் அசைவு. பிக்கப்பில் உள்ள காந்தம் மேலே ஓடும் எஃகுத் தந்தியையும் காந்தமாக்கிவிடுகிறது. தந்தி அதிரும்போது சுருளின் வழியே போகும் காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பதால், அந்தச் சின்ன மாற்றமும் ஆம்ப்ளிஃபையருக்குப் போதுமான அழுத்தமாகிவிடுகிறது.

வகைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஃபெண்டரின் ப்ரிசிஷன் பேஸ் 1951-இல் ஒற்றைச் சுருளோடு வந்தது. 1957-இல் அந்தச் சுருள் இரண்டு துண்டானது. ஈ, ஏ தந்திகளுக்கு ஒரு பாதி, டி, ஜி தந்திகளுக்கு இன்னொரு பாதி. இதைத்தான் பி பிக்கப் என்கிறோம். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இருப்பவை நீண்டு ஒடுங்கிய ஒற்றைச் சுருள் ஜே பிக்கப்கள். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் இருப்பது அகலமான ஹம்பக்கர், அதாவது இரைச்சலை அழிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப். தடித்த காந்தத் துருவங்களும், உள்ளேயே பேட்டரியில் ஓடி சிக்னலை வலுவாக்கும் ப்ரீஆம்ப்பும் அதன் அடையாளம். கலப்பு பேஸ் என்று பேசும்போது பெரும்பாலும் இந்த மூன்றில் இரண்டைத்தான் சொல்கிறோம்.

இனி பள்ளத்துக்கு வருவோம். தந்தி ஒரே நேரத்தில் பல விதமாக அதிர்கிறது. முழு நீளமும் ஒரே வளைவாக ஆடுவது அடிப்படை அதிர்வெண். ஈ தந்தியில் அது 41.2 ஹெர்ட்ஸ். கூடவே இரண்டு துண்டாக, மூன்று துண்டாக, ஆறு துண்டாக, பதினொரு துண்டாகவும் அது ஆடிக்கொண்டிருக்கிறது. இவை சீரிசைகள். அடுத்தடுத்த இரண்டு துண்டுகள் எப்போதும் எதிரெதிர்த் திசையில் ஆடும். நடுவே அசையாமல் நிற்கும் புள்ளிக்குக் கணு என்று பெயர்.

தந்தியின் நீளம் 34 அங்குலம். ஈ தந்திக்கான பி பிக்கப் பிரிட்ஜிலிருந்து (உடலின் மேல் தந்தி தாங்கி நிற்கும் முனை) 6 அங்குலத்திலும், ஜே பிக்கப் 2.4 அங்குலத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறாவது சீரிசையில் ஒரு துண்டின் நீளம் 34-ஐ ஆறால் வகுத்தால் வருவது, ஏறக்குறைய 5.67 அங்குலம். 2.4 அங்குலத்தில் உள்ள ஜே, பிரிட்ஜை ஒட்டிய முதல் துண்டைப் பார்க்கிறது. 6 அங்குலத்தில் உள்ள பி கணுவைத் தாண்டி இரண்டாவது துண்டைப் பார்க்கிறது. ஒன்றுக்குத் தந்தி மேலே வருகிறது. இன்னொன்றுக்கு அதே நொடியில் கீழே போகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. பதினொன்றாவது சீரிசை வரை இதே கதைதான். பன்னிரண்டில் பி மூன்றாவது துண்டுக்குப் போய்விடுவதால் இரண்டும் மறுபடி ஒரே பக்கம் ஆடத் தொடங்குகின்றன.

ஆக, ஈ தந்தியில் சுமார் 247 முதல் 453 ஹெர்ட்ஸ் வரை பள்ளம். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதே தந்தியை 12-ஆவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தி வாசியுங்கள். சுரம் இரட்டிப்பாகிறது, தந்தியின் நீளம் பாதியாகிறது. இப்போது கழிபவை மூன்று முதல் ஐந்து வரையான சீரிசைகள். அவற்றின் அதிர்வெண் 247 முதல் 412 ஹெர்ட்ஸ். சுரம் மாறியும் பள்ளம் இருந்த இடத்திலேயே நிற்கிறது! பிக்கப்களின் இடமும் தந்தியில் அலை ஓடும் வேகமும் மாறாததே காரணம். ஏ தந்தியில் அலை வேகமாக ஓடும். அங்கே பள்ளம் 330-க்கும் 605-க்கும் நடுவில். ஒரு பேஸுக்கு ‘குணம்’ இருக்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் எண்ணம்.

அதனால்தான் வகையைவிட இடத்தைப் பெரிதாக நினைக்கிறேன். ஜாஸ் பேஸின் பிரிட்ஜ் பிக்கப் 1970-களில் வெறும் 10 மில்லிமீட்டர் அளவுக்கு பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தது. வாசிப்பவர்கள் இன்றும் ‘அறுபதுகளின் இடம்’, ‘எழுபதுகளின் இடம்’ என்று பிரித்துப் பேசுகிறார்கள். பி-யின் இரண்டு பாதிகளையும் இடம் மாற்றி, ஈ, ஏ பாதியை பிரிட்ஜ் பக்கமாக வைப்பதும் இதே கணக்கில்தான். அப்படி வைத்தால் கனத்த தந்திகள் இறுக்கமாக ஒலிக்கும், மெல்லிய தந்திகள் கொஞ்சம் உருண்டு வரும்.

அடுத்தது இரைச்சல். வீட்டு மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் அலைகிறது. சுருள் அதையும் பிடித்துக்கொள்ளும். ஈ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் வந்து உட்காருவது பேஸின் சொந்தத் தளத்திலேயே என்பதால், வெட்டி எறியவும் முடியாது. பி பிக்கப் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. ஒரு பாதியில் காந்தமும் தலைகீழ், சுற்றும் தலைகீழ். தந்தியின் சிக்னல் இரண்டு முறை புரள்வதால் பழையபடியே வருகிறது. வெளி இரைச்சலுக்குக் காந்தத்தோடு வேலை இல்லை. அது சுற்றால் மட்டும் ஒருமுறை புரண்டு, மற்ற பாதியின் இரைச்சலோடு மோதி அழிந்துவிடுகிறது. ஜாஸ் பேஸிலும் இரண்டு ஜே-க்களை இப்படி எதிரெதிராகச் செய்தால், இரண்டையும் சமமாகத் திறக்கும்போது அமைதி கிடைக்கும்.

பி-ஜே-யில் அந்தக் கணக்கு உடைகிறது. பி தன் இரைச்சலைத் தானே தின்றுவிட்டது. ஜே-யின் இரைச்சலை அழிக்க யாரும் மிச்சமில்லை. ஆகவே கலப்பு பேஸுக்கு ஜே வாங்கினால், உள்ளேயே இரட்டைச் சுருள் கொண்ட, இரைச்சல் அழிக்கும் ஜே-யை வாங்குங்கள். சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம், பக்கத்தில் பக்கத்திலும் இருக்கலாம். வெளியே பார்க்க சாதாரண ஜே போலத்தான் இருக்கும்.

மூன்றாவது சிக்கல் ஃபேஸ், அதாவது இரண்டு பிக்கப்களின் சிக்னலும் ஒரே திசையில் ஏறி இறங்குகிறதா என்பது. நான் முதன்முதலாக வயரிங் செய்த பி-ஜே-யில் ஒவ்வொரு பிக்கப்பும் தனியே அருமையாக ஒலித்தது. இரண்டையும் திறந்தால் அடி கனம் முழுவதும் காணாமல் போய், மூக்கடைத்தவர் பேசுவது போல இருந்தது. கடைகளில் வெவ்வேறு இடத்தில் செய்த பிக்கப்களைச் சேர்க்கும்போது இப்படி நடப்பது சகஜம். ஒன்றின் சுற்றோ காந்தமோ மற்றதற்கு எதிராக இருந்தால், நடுப்பகுதி மட்டுமல்லாமல் அடிப்படை அதிர்வெண்ணும் கழிந்துவிடும். சால்டர் வைப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, பிக்கப்பின் இரண்டு வயர்களில் முனைகளை மாட்டுங்கள். ஓர் ஸ்குரூடிரைவரைக் காந்தத் துருவத்தில் ஒட்டவைத்து, சட்டென்று இழுங்கள். மீட்டர் ஒரு கணம் கூட்டல் பக்கமோ கழித்தல் பக்கமோ துள்ளும். ஊசி மீட்டர் என்றால் தெளிவாகத் தெரியும். இரண்டு பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் ஏதாவது ஒன்றின் இரண்டு வயர்களை இடம் மாற்றிவிடுங்கள். சரி, ஒரு எச்சரிக்கை: பிக்கப்பின் உலோக மூடியோ அடித்தகடோ அதன் கிரவுண்ட் வயரோடு சேர்ந்திருந்தால், முதலில் அந்த இணைப்பைப் பிரித்துத் தனி வயராகக் கிரவுண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் மூடியே இரைச்சலை வாங்கும் ஆண்டெனா ஆகிவிடும்.

அளவுச் சமநிலையும் உண்டு. மேலே சொன்ன இடங்களில், அடிப்படை அதிர்வெண்ணில் ஜே காணும் அசைவு பி காண்பதில் பாதிகூட இல்லை. பிரிட்ஜ் அருகே தந்தி அவ்வளவாக ஆடுவதில்லை. எனவே ஜே-யைத் தந்திக்கு அருகே உயர்த்தி, பி-யைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். ரொம்பவும் உயர்த்திவிடக் கூடாது. காந்தம் தந்தியையே இழுக்கத் தொடங்கினால் சுரம் தடுமாறும்.

பேட்டரி பிக்கப்பையும் சாதாரண பிக்கப்பையும் நேராகச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலாவதற்கு 25 கிலோ ஓம் குமிழ், இரண்டாவதற்கு 250 கிலோ ஓம் குமிழ் என்பது வழக்கம். குறைந்த மின்தடை கொண்டது மற்றதன் சிக்னலை விழுங்கிவிடும். ஒன்று மற்றதைப் பாதிக்காமல் பிரித்துவைக்கும் பஃபர் சுற்றை இடையே வைத்தால் தீரும். இரண்டும் சாதாரண வகையாக இருந்து, அவற்றுக்குப் பிறகு ஒரு ப்ரீஆம்ப் வைப்பது இன்னும் எளிது.

புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால், மரத்தைக் குடைவதற்கு முன் ஒரு மாலையை ஒதுக்குங்கள். பி ஏற்கெனவே இருக்கட்டும். ஜே-யை முதலைக் கவ்விகளால் ஜாக்கோடு இணைத்து, தலைகீழாகப் பிடித்து, தந்திகளுக்கு மேலே நிறுத்துங்கள். மேலிருந்து பார்ப்பதால் தந்தி நெருங்குவதும் விலகுவதும் புரண்டுவிடும்; அதனால் சோதனைக்கு மட்டும் ஜே-யின் இரண்டு கவ்விகளையும் மாற்றி மாட்டுங்கள். நண்பர் ஒருவர் ஈ தந்தியை மீட்டிக்கொண்டிருக்க, நீங்கள் ஜே-யை பிரிட்ஜ் பக்கமிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்துங்கள். பள்ளம் மேலும் கீழும் ஊர்வது காதுக்கே தெரியும். பிடித்த இடம் வந்ததும், உடலில் ஒட்டிய காகித டேப்பின் மேல் பென்சிலால் கோடு போடுங்கள்.