சர்வாதிகாரி: ஆறு மாசக் கெடுவோட பிறந்த ஒரு பதவி

1927ல அமெரிக்காவுல ஸ்டூடிபேக்கர்ங்கிற கார் கம்பெனி தன்னோட ஒரு மாடலுக்கு டிக்டேட்டர்னு பேர் வச்சுது. கெட்ட பேர்னு யாரும் நினைக்கல, மத்த காருக்கெல்லாம் இதுதான் அளவுகோல்ங்கிற மாதிரி பெருமையாத்தான் வச்சாங்க. பத்து வருஷம் அந்தப் பேர்லயே வித்துட்டு 1937ல தூக்கிட்டாங்க. அதே சமயம் நம்ம நாட்டுல, 1930 சட்டமறுப்பு இயக்கத்துல, காங்கிரஸ் தலைவர்கள் வரிசையா ஜெயிலுக்குப் போக ஆரம்பிச்சாங்க. கமிட்டி கூட்டி ஓட்டெடுத்து முடிவு பண்ணவெல்லாம் வழியில்லாம, மொத்தப் பொறுப்பையும் ஒருத்தர் கையில குடுத்து அவரை சர்வாதிகாரின்னு கூப்பிட்டாங்க, அவரைப் பிடிச்சுட்டா அடுத்த ஆள் சர்வாதிகாரி. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துலயும் இதே முறை, இதே பேர்தான். அடிபட்டு ஜெயிலுக்குப் போகத் தயாரா இருக்கிற தொண்டருக்குக் குடுக்கிற பட்டமா இருந்த சொல்லு இது. இன்னிக்கு ஒருத்தரை சர்வாதிகாரின்னு சொன்னா அது வசவு. நடுவுல என்ன ஆச்சுன்னு பாத்தா ரெண்டு உலகப் போருக்கு இடையில இருந்த இருபது வருஷம்தான் அதுக்குப் பதில்.

முதல்ல டிக்டேட்டர். லத்தீன்ல டிக்டாரேன்னா திரும்பத் திரும்பச் சொல்றது, சொல்லி எழுத வைக்கிறது. ஸ்கூல்ல டிக்டேஷன், தமிழ் வகுப்புல சொல்வதெழுதுதல்னு வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுவோம்ல, அந்த வேர்தான். ஒருத்தர் சொல்லுவாரு, மத்தவங்க எழுதணும், குறுக்க கேள்வி கிடையாது. பழைய ரோம்ல இது சட்டப்படியான ஒரு பதவி. வழக்கமா வருஷத்துக்கு ரெண்டு கான்சல்கள் சேர்ந்து ஆளணும், ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் தடுக்கலாம். ஆனா எதிரி வாசல்ல நிக்கறப்ப ரெண்டு பேர் சண்டை போட்டுட்டு இருக்க முடியாதுல்ல, அதனால செனட்ங்கிற பெரியவங்க சபை கேட்டுக்கிட்டா கான்சலே ஒருத்தரை டிக்டேட்டரா நியமிப்பாரு. அவருக்கு முன்னாடி 24 பேர் கோல்கட்டு தூக்கிட்டுப் போவாங்க, கோல்களுக்கு நடுவுல கோடரி சொருகியிருக்கும். அந்தக் கோல்கட்டுக்கு லத்தீன்ல ஃபாசெஸ்னு பேரு, பாசிசம்ங்கிற சொல்லும் அந்த வம்சம்தான்.

ஆனா முக்கியமான விஷயம் கோடரி இல்ல, கெடு. டிக்டேட்டருக்கு அதிகபட்சம் 6 மாசம்தான். வந்த வேலை முடிஞ்சா அதுக்கு முன்னாடியே இறங்கிடணும். கி.மு. 458ல சின்சினாட்டஸ்னு ஒருத்தரை ஏர் உழுதுட்டு இருந்த வயல்லேர்ந்து கூப்பிட்டு இந்தப் பதவியில உக்கார வச்சாங்க, அவரு சண்டையை ஜெயிச்சுட்டு 16ஆம் நாள் பதவியை விட்டுட்டு வயலுக்கே திரும்பிட்டாருன்னு ரோமானியர்கள் தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு வந்தாங்க. பிறகு கி.மு. 82ல சுல்லாங்கிற தளபதி கெடுவே இல்லாம அந்தப் பதவியை எடுத்துக்கிட்டாரு. கி.மு. 44ல ஜூலியஸ் சீசர் ஆயுள் முழுக்க டிக்டேட்டர்னு ஆனாரு, அதே வருஷம் மார்ச் 15ல கத்திக்குத்து. அதுக்கப்புறம் அந்தப் பதவியையே சட்டம் போட்டு ஒழிச்சாங்க. கெடு போனதும் பதவியும் செத்துது, சொல்லு மட்டும் தங்கிடுச்சு.

இப்ப நம்ம சொல்லு. சர்வ + அதிகாரி, ரெண்டு பாதியும் சமஸ்கிருதம், ஆனா அதிகாரம்ங்கிறது தமிழுக்குள்ள வந்து பல நூற்றாண்டு ஆச்சு, எழுத்ததிகாரம் சொல்லதிகாரம்னு தொல்காப்பியப் பகுதிகளுக்கே அதான் பேரு. சர்வாதிகாரிங்கிறதும் ஐரோப்பாவைப் பாத்து புதுசா செஞ்ச சொல்லு இல்ல. திருவிதாங்கூர்ல சர்வாதிகாரியக்காரர்னு பெரிய உத்தியோகம் இருந்துது. 18ஆம் நூற்றாண்டு மைசூர்ல தளவாய், சர்வாதிகாரின்னு ரெண்டு பெரிய பதவி, சர்வாதிகாரி நஞ்சராஜையாவும் தளவாயா இருந்த அவரோட அண்ணனும் சேர்ந்து ராஜாவை அரண்மனைக்குள்ள பேருக்கு வச்சுட்டு நாட்டை நடத்தினாங்க, அப்புறம் 1761ல ஹைதர் அலி எல்லாத்தையும் தன் கையில எடுத்துக்கிட்டாரு. ஆக எல்லாத் துறைக்கும் பொறுப்பான பெரிய அதிகாரிங்கிற அர்த்தம்தான் முதல்ல இருந்துது, டிக்டேட்டருக்கு நம்மாளுங்க இதை எடுத்துப் போட்டது பின்னாடி.

ரெண்டு சொல்லும் ஒண்ணு கிடையாதுங்கிறத கவனிங்க. டிக்டேட்டர்ங்கிறது யாரு சொல்றாங்கன்னு பாக்குது, சர்வாதிகாரிங்கிறது அதிகாரம் எவ்வளவுன்னு பாக்குது, சர்வமும்.

1918ல முதல் உலகப் போர் முடிஞ்சப்ப ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யான்னு பேரரசுகள் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு விழுந்து, புதுப்புது நாடாளுமன்றம், புதுப்புது அரசியல் சட்டம், பொம்பளைங்களுக்கும் ஓட்டு, எட்டு மணி நேர வேலைன்னு நிறைய மாறுச்சு. ஆனா சாப்பாடு மாறல. போர்க்களத்துலேர்ந்து திரும்பின லட்சக்கணக்கான ஆம்பளைங்களுக்கு வேலை கிடையாது, துப்பாக்கி பிடிக்கத் தெரியும். ஜெர்மனியில 1923 நவம்பர்ல ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஆயுசு முழுக்க சிறுகச் சிறுகச் சேத்து வச்சிருந்த ஒரு வாத்தியாரோ விதவையோ அந்தப் பாஸ்புக்கை வச்சு ஒரு ரொட்டி கூட வாங்க முடியாத நிலைமை. கட்சிகள் ஒத்துப்போகாம அரசாங்கம் மாத்தி மாத்தி விழுந்துட்டே இருந்துது. அப்பதான் ஜனங்க நடுவுல, கொஞ்ச நாளைக்காவது ஒரு வலுவான ஆளு வந்து சரி பண்ணட்டும்ங்கிற பேச்சு எழுந்துது. அந்தக் கொஞ்ச நாளைக்குங்கிற வார்த்தையைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க.

ஸ்பெயின்ல 1923 செப்டம்பர்ல ஜெனரல் பிரிமோ டி ரிவேரா ஆட்சியைப் பிடிச்சப்ப 90 நாள் போதும்னாரு. இறங்கினது 1930 ஜனவரியில. இத்தாலியில 1922 அக்டோபர் கடைசியில முசோலினியோட பாசிஸ்ட் தொண்டர்களான கறுப்புச் சட்டைக்காரங்க ரோமை நோக்கிக் கிளம்பினதும் ராஜா ராணுவச் சட்டத்துல கையெழுத்துப் போட மறுத்துட்டு முசோலினியைப் பிரதமராக்கினாரு. நாடாளுமன்றம் அவருக்குக் குடுத்த விசேஷ அதிகாரத்துக்கு ஒரு வருஷம்தான் கெடு. அந்த ஒரு வருஷத்துக்குள்ள தேர்தல் சட்டத்தையே மாத்திட்டாங்க, 25 சதவீத ஓட்டோட முதல்ல வர்ற கட்சிக்கு மூணுல ரெண்டு பங்கு சீட்டுன்னு. அந்த 1924 தேர்தல்ல நடந்த அடிதடியை நாடாளுமன்றத்துல எழுந்து பேசின மத்தியோத்திங்கிற சோசலிஸ்ட் உறுப்பினரை ஜூன் 10ஆம் தேதி கடத்திக் கொன்னாங்க. 1925 ஜனவரி 3ல முசோலினி அதே சபையில நின்னு, நடந்த எல்லாத்துக்கும் நானே பொறுப்புன்னாரு, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல. எல்லாத்தையும் முழுசா விழுங்கற ஆட்சிங்கிற அர்த்தத்துல டோட்டாலிடாரியோன்னு ஒரு சொல்லை 1923லயே எதிர்க்கட்சிப் பத்திரிகைக்காரர் ஜியோவானி அமெண்டோலா கண்டனமா எழுதினாரு. முசோலினி அந்தச் சொல்லையே பிடுங்கித் தனக்குப் பெருமையா வச்சுக்கிட்டாரு, அமெண்டோலாவோ பாசிஸ்டுகள் அடிச்ச அடியிலேர்ந்து மீளாம 1926ல செத்துப்போனாரு. நம்ம சர்வங்கிற சொல்லுக்கு ஐரோப்பாவுல சரியான ஜோடி இந்தச் சொல்லுதான்னு எனக்குப் படுது.

ஜெர்மனிக் கதையை நின்னு பாக்கணும், ஏன்னா அங்க எல்லாமே கோப்புல, கையெழுத்தோட நடந்துது. பேரரசு விழுந்து குடியரசானப்ப ஜெர்மனி எழுதிக்கிட்ட 1919 வைமர் அரசியல் சட்டத்துல 48ஆம் பிரிவு, ஆபத்துக் காலத்துல ஜனாதிபதி அவசர ஆணை போடலாம், சில அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கலாம்னு. சட்டம் படிச்சவங்க இதை அப்பவே டிக்டேட்டர் அதிகாரம்னுதான் சொன்னாங்க, பழைய ரோமானிய அர்த்தத்துல. குடியரசைக் காப்பாத்த வச்ச ஆயுதம், ஆனா கெடு எழுதல. முதல் ஜனாதிபதி ஏபர்ட்டே நூறு தடவைக்கு மேல அதைப் பயன்படுத்தினாரு. 1930ல பொருளாதாரம் சரிஞ்சப்ப பட்ஜெட் நாடாளுமன்றத்துல பாஸ் ஆகலன்னு பிரதமர் புரூனிங் அதை ஆணையாவே கொண்டு வந்து சபையைக் கலைச்சு தேர்தல் வச்சாரு, அந்தத் தேர்தல்ல 12 சீட்டு வச்சிருந்த நாஜிக் கட்சிக்கு 107 கிடைச்சுது. 1931ல சபை போட்ட சட்டம் 34, ஆணை 44. 1932ல சபை போட்ட சட்டம் அஞ்சே அஞ்சு. ஹிட்லர் வர்றதுக்கு முன்னாடியே நாடாளுமன்றம் இல்லாம ஆளற பழக்கம் வந்துடுச்சு, 60 லட்சம் பேர் வேலையில்லாம நிக்கற நாட்டுல சபை கூடலன்னு யாரு கவலைப்பட்டாங்க? எனக்கு இந்தக் கதையில ரொம்ப வலிக்கிற இடம் இதுதான்.

1933 ஜனவரி 30ல ஹிட்லர் பிரதமர். பிப்ரவரி 27 ராத்திரி நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடிச்சுது, மறுநாளே 48ஆம் பிரிவை வச்சு பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடற உரிமை எல்லாத்தையும் நிறுத்தினாங்க. மார்ச் 23ல அரசாங்கமே சட்டம் போட்டுக்கலாம்னு ஒரு சட்டம் வந்துது. அதோட முறையான பேர் என்ன தெரியுமா, மக்களோட துயரையும் நாட்டோட துயரையும் தீர்க்கும் சட்டம். ஓட்டெடுப்பு நடந்த ஓபரா அரங்குக்குள்ள நாஜிப் படை ஆளுங்க சீருடையோட சுத்தி நின்னாங்க, கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளயே விடல, நிறைய பேர் ஏற்கனவே காவல்ல. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் மட்டும் எழுந்து எதிர்த்துப் பேசினாரு, அவர் கட்சிக்காரங்க 94 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க, ஆதரவு 444. அந்த 94 பேரும் எப்படி அந்த வாசலைத் தாண்டி உள்ள போனாங்கன்னு நினைச்சாலே எனக்கு மனசு கனத்துடுது. அந்தச் சட்டத்துக்கும் கெடு இருந்துது, 4 வருஷம், 1937 ஏப்ரல் 1ஓட முடியணும். 1937ல நீட்டினாங்க, 1939ல நீட்டினாங்க, 1943ல திரும்ப நீட்டினாங்க. கெடுவைக் கேக்க வேண்டிய சபையே கைதட்டற சபையா ஆனதுக்கப்புறம் காகிதத்துல எழுதின தேதிக்கு என்ன மதிப்பு.

இவங்க தங்களுக்கு வச்சுக்கிட்ட பட்டம் டிக்டேட்டர் இல்லைங்கிறதும் கவனிக்க வேண்டியது. இத்தாலியில டூச்சே, ஜெர்மனியில ஃபியூரர், ரெண்டுக்கும் தமிழ்ல தலைவர், வழிநடத்துறவர்னுதான் அர்த்தம். டிக்டேட்டர்ங்கிற சொல்லு எதிரிங்க கையிலயும் அகதிகள் வாயிலயும் வசவாச்சு. அந்தக் கார்லேர்ந்து பேரை எடுத்த வருஷம் 1937ங்கிறது இப்ப புரியும்.

சரி, நல்ல தமிழ்ல என்ன சொல்லலாம்? கொடுங்கோன்மைன்னு சிலர் எழுதறாங்க. அழகான சொல்லு, குறள்லயே அந்தப் பேர்ல ஒரு அதிகாரம் இருக்கு, ஆனா அது வளைஞ்ச கோல், ராஜா எப்படி ஆளறாருங்கிறதைப் பத்தினது. சர்வாதிகாரம்ங்கிறது அதிகாரம் எங்க போய்க் குவியுதுங்கிறதைப் பத்தினது, நேரான கோல் பிடிச்ச நல்ல மனுஷன் கையிலயும் அது குவியலாம். எதேச்சாதிகாரம்னா தன் இஷ்டத்துக்கு நடக்கிற அதிகாரம், ஒரு தாசில்தாரு கூட அப்படி நடந்துக்கலாம். வல்லாட்சின்னு தனித்தமிழ்ல எழுதறவங்க நிறைய பேர், அதுல பலம் தெரியுது, முழுசுங்கிறது தெரியல. எனக்குப் பிடிச்சது முற்றதிகாரம். முற்று + அதிகாரம், சர்வாதிகாரத்தோட அர்த்தம் அப்படியே வருது, முற்றதிகாரின்னு ஆளையும் சொல்லலாம். பேச்சுல சர்வாதிகாரின்னே இருக்கட்டும், எல்லாருக்கும் புரியற சொல்லு. ஆனா ரோமானிய டிக்டேட்டரைப் பத்தி எழுதறப்ப மட்டும் தயவுசெஞ்சு சர்வாதிகாரின்னு போடாதீங்க, நெருக்கடிகால ஆட்சியர்னு போடுங்க. பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம்னு மார்க்ஸ் எழுதினதை மொழிபெயர்த்தப்பவும் இந்தக் குழப்பம்தான் வந்துது, வர்க்கமில்லாத சமூகத்துக்குப் போற வழியில வர்ற இடைக்கட்டம்னு அவர் சொன்னாரு, நம்ம காதுக்குச் சர்வமும் நிரந்தரமும் சேர்ந்தே கேக்குது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க ஒண்ணு மனப்பாடம் பண்ணியிருப்பாங்க, நெருக்கடி நிலையில அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கிற ஏற்பாடு வைமர் சட்டத்துலேர்ந்து நம்ம அரசியல் சட்டத்துக்கு வந்ததுன்னு. முதல்ல எழுதினப்ப நம்ம சட்டத்துலயும் ஒரு தடவை நாடாளுமன்றம் ஒத்துக்கிட்டா போதும், எப்ப முடியணும்னு தேதி இல்ல. 1975 ஜூன்ல அறிவிச்ச நெருக்கடி நிலை 21 மாசம் ஓடினதுக்கப்புறம்தான், 1978ல 44ஆவது திருத்தம் வந்து, நீட்டிக்கணும்னா ஒவ்வொரு தடவையும் நாடாளுமன்றம் திரும்ப ஒத்துக்கணும்னு ஒரு கெடு எழுதினாங்க. எவ்வளவுன்னு பாருங்க, 6 மாசம்.