போர்வைக்குள் தைத்து வைத்த காற்று

குளிர்கால இரவில் போர்வைக்குள் நுழைந்த முதல் இரண்டு நிமிடங்கள் எப்படி இருக்கும்? சில்லென்று இருக்கும். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுருண்டு படுப்போம். கொஞ்ச நேரத்தில் கதகதப்பு வந்துவிடும், போர்வை சூடு கொடுக்கிறது என்போம். உண்மையில் கொடுப்பதற்குப் போர்வையிடம் எதுவும் இல்லை. மடித்து வைத்த போர்வைக்குள் ஒரு வெப்பமானியைச் செருகிவைத்து, சில மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். அறையின் வெப்பநிலையைத்தான் காட்டும். அதே போர்வையில் ஐஸ்கட்டியைச் சுற்றி வைத்தால், வெளியே கிடக்கும் ஐஸைவிட மெதுவாக உருகும். சூடு நம்முடையது. அது ஓடிப்போவதைத் தாமதப்படுத்துவதுதான் போர்வையின் வேலை.

அந்தத் தாமதத்தைச் செய்வது துணி என்று நினைத்தால், அதுவும் அவ்வளவு சரியில்லை. செய்வது காற்று.

குளிர்காலத்தில் வெளியே போக மனமில்லாத நாட்களில் வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அமைப்பு எளிமையானது. மேலே சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்த முகப்பு, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணி. மூன்று அடுக்கையும் ஊடுருவிப் போகும் ஓட்டுத்தையல். அவ்வளவுதான். பார்ப்பவர்கள் முகப்பைத்தான் பாராட்டுவார்கள். ஆனால் குளிரோடு மல்லுக்கட்டுவது கண்ணில் படாத அந்த நடு அடுக்கு.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பஞ்சு விரிப்பு, கனம் 1 செ.மீ., எடை 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது அடைத்துக்கொள்ளும் இடம் 10 லிட்டர். பருத்தி இழையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 1.5 கிராம். அப்படியானால் 200 கிராம் இழை உண்மையில் பிடிக்கும் இடம் 130 மில்லிலிட்டர்தான், ஒரு சின்னத் தம்ளர் அளவு. மீதி ஒன்பதே முக்கால் லிட்டருக்கும் மேல் வெறும் காற்று. நாம் பஞ்சை வாங்குவதாக நினைத்துக்கொண்டு காற்றுக்கு ஒரு சட்டகத்தை வாங்குகிறோம்.

அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. தண்ணீர் அதைவிட ஏறக்குறைய 24 மடங்கு வேகமாகக் கடத்தும். அப்படியென்றால் பஞ்சே இல்லாமல் இரண்டு துணிக்கு நடுவே காற்றை மட்டும் அடைத்துவிடலாமே? முடியாது. ‘அசையாத’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உடல் பக்கம் சூடான காற்று லேசாகி மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும், அந்தச் சுழற்சியே சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். போதாததற்கு, நம் உடல் அகச்சிவப்புக் கதிராகவும் வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கிறது. வெற்றுக் காற்று அதைத் தடுப்பதில்லை. பஞ்சின் இழைகள் இரண்டு வேலையும் செய்கின்றன. காற்று நகர முடியாதபடி குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன. கதிரை வழியில் வாங்கி, நாலாபக்கமும் திருப்பி விடுகின்றன. இழை எவ்வளவு மெல்லியதோ, அதே எடைக்கு அவ்வளவு அதிகப் பரப்பு கிடைக்கும், காற்றும் அவ்வளவு இறுக்கமாகப் பிடிபடும்.

உடையின் வெப்பத் தடையை அளக்க ‘குளோ’ என்று ஓர் அலகு உண்டு. 1941இல் உடலியல் ஆய்வாளர்கள் மூவர் வகுத்தது. 21 டிகிரி செல்சியஸ் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கத் தேவையான உடைதான் 1 குளோ. கோட் சூட் போட்டிருப்பது போல. இந்த அளவில், அமுக்கப்படாத 1 செ.மீ. பஞ்சு விரிப்பு சுமார் 1.6 குளோ தரும்.

அமுக்கப்படாத வரைக்கும். அங்கேதான் ஊசி உள்ளே வருகிறது.

தையல் ஓடும் இடத்தில் மூன்று அடுக்கும் இழுபட்டு ஒட்டிக்கொள்கின்றன. 1 செ.மீ. கனம் 2 மில்லிமீட்டராகச் சுருங்கினால் அந்தக் கோட்டில் தடை ஐந்தில் ஒரு பங்காகிவிடும், 0.3 குளோ. ஒவ்வொரு தையல் கோடும் சூடு கசியும் ஒரு வாய்க்கால். கச்சாவாக ஒரு கணக்குப் போடலாம்: ஒவ்வொரு கோடும் 1 செ.மீ. அகலத்தை நசுக்குகிறது என்று வைத்தால், 10 செ.மீ. இடைவெளியில் தைத்த போர்வை தைக்காததைவிட 1.4 மடங்கு சூட்டை வெளியே விடும். இடைவெளியை 5 செ.மீ. ஆக்கினால் 1.8 மடங்கு. போர்வையின் மேல் படிந்திருக்கும் காற்றுப் படலம் கொஞ்சம் ஈடுகட்டும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு மோசம் இருக்காது. ஆனாலும் மெஷினில் நெருக்க நெருக்கமாகக் கோலம் போட்டதுபோல் தைத்த போர்வை ஏன் தட்டையாக, விறைப்பாக, அழகாக, குளிராக இருக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

சரி, தைக்காமலே விட்டால்? நாலு முறை துவைத்தால் பஞ்சு ஒரு மூலையில் போய்க் கட்டிக்கொள்ளும், மீதி இடத்தில் இரண்டு துணிதான் மிஞ்சும். ஆக, பிடித்து வைக்கவும் வேண்டும், நசுக்கவும் கூடாது. எவ்வளவு தள்ளித் தைக்கலாம் என்பது பஞ்சின் வகையைப் பொறுத்தது. உதிரிப் பருத்திப் பஞ்சுக்கு 5 முதல் 8 செ.மீ.க்கு ஒரு தையல் வேண்டும். ஆயிரக்கணக்கான ஊசிகளால் குத்தி இழைகளைப் பின்னிப்பிணைத்த விரிப்புகளில் 20 செ.மீ. வரைகூட விடலாம். என் தனிப்பட்ட சிபாரிசு, கடுங்குளிருக்கென்றே தைக்கும் போர்வையில் கோடே போடாதீர்கள். தடித்த நூலால் அங்கங்கே முடிச்சுப் போட்டுவிடுங்கள். கோடு நீளமாக நசுக்கும். முடிச்சு ஒரு புள்ளியை மட்டும்தான் நசுக்கும். பார்க்கக் கொஞ்சம் நாட்டுப்புறமாக இருக்கும். இருக்கட்டும்.

இப்போது முகப்புக்கு வருவோம். என்னை அதிகம் அழவைத்தது இதுதான்.

என் முதல் போர்வையை முடித்துத் தரையில் விரித்தபோது நடுப்பகுதி தட்டையாக இருந்தது, ஓரம் மட்டும் அலை அலையாகத் துள்ளிக்கொண்டு நின்றது. அளவெல்லாம் சரிபார்த்துத்தான் வெட்டினேன். நூலைக் குறை சொன்னேன், மெஷினைக் குறை சொன்னேன். தப்பு துணியின் திசையில் இருந்தது.

எந்த நெசவுத் துணியையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடு. இரண்டும் செங்கோணத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன. பாவின் போக்கில் இழுத்தால் துணி அசையாது, ஏனென்றால் நூலையே நீட்டப் பார்க்கிறீர்கள். ஊடின் போக்கில் கொஞ்சம் நெகிழும். மூலைக்கு மூலை, 45 டிகிரியில் இழுத்தால்தான் வேடிக்கை. நூல் எதுவும் நீள்வதில்லை, அவற்றுக்கு இடையிலுள்ள கோணம் மாறுகிறது. குட்டிச் சதுரம் ஒவ்வொன்றும் சாய்ந்து சாய்சதுரமாகிறது. 90 டிகிரி வெறும் 10 டிகிரி குறைந்து 80 ஆனாலே துணி அந்தத் திசையில் 8 சதவீதத்துக்கு மேல் நீண்டுவிடும், குறுக்கே 9 சதவீதம் ஒடுங்கும். ஒரு மீட்டர் ஓரத்துக்கு 8 செ.மீ. கூடுதல்! அந்தக் கூடுதல் எங்கே போகும்? அலையாகத்தான் நிற்கும். தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் திசை இதுதான்.

கடைத் துணிச் சுருளிலிருந்து நேராக வெட்டினால் இந்தச் சிக்கல் வருவதில்லை. வெட்டுத்துணி அப்படி இல்லை. கைக்குழி வெட்டியதில் விழுந்த துண்டு, கழுத்து வளைவில் விழுந்த துண்டு என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்க்கும்; நூலின் போக்கைக் காட்ட நெசவின் ஓரக் கரையும் இருக்காது. பூப்போட்ட டிசைனை நம்பி நேராக்கினால் மோசம் போவோம், அச்சே சில சமயம் கோணலாக விழுந்திருக்கும். நான் செய்வது, துண்டின் ஓரத்திலிருந்து ஒற்றை நூலை மெதுவாக உருவி எடுப்பது. அது விட்டுப்போன தடம்தான் நேர்க்கோடு. பொறுமை இல்லாத நாட்களில் இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று ஒரு சுண்டு. பாவுப் பக்கம் ‘டப்’பென்று கேட்கும், கிராஸில் சத்தமே வராது.

கிராஸ் விளிம்பை முழுக்கத் தவிர்க்க முடியாது, முக்கோணம் வெட்டினாலே ஒரு பக்கமாவது கிராஸில்தான் விழும். அதைப் போர்வையின் வெளி ஓரத்தில் வராதபடி உள்ளே தள்ளி, நேர் விளிம்புள்ள துண்டோடு இணைத்துவிட்டால் போதும். வெட்டுவதற்கு முன் கஞ்சி போட்டால் நூல்கள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் ஒட்டிக்கொண்டு கோணம் மாறாமல் நிற்கும். அப்புறம் இஸ்திரி. பெட்டியைத் தள்ளித் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். நான் முதல் போர்வையில் தேய்த்த தேய்ப்புதான் அந்த அலை.

வேடிக்கை என்னவென்றால், இதே கிராஸ், போர்வையின் விளிம்பை மடித்து மூடும் ஓரப்பட்டியில் வரமாகிவிடுகிறது. வளைவுகளில் சுருக்கமில்லாமல் படியும். நேராக வெட்டிய பட்டியை மடித்தால், மடிப்பின் உச்சியில் ஒன்றிரண்டு நூலே முழு நீளமும் உராய்வைத் தாங்கும். அது தேய்ந்தால் ஓரமே பிளந்துவிடும். கிராஸ் பட்டியில் நூற்றுக்கணக்கான நூல்கள் அந்த உச்சியைக் குறுக்காகக் கடப்பதால் தேய்மானம் பங்கிடப்படுகிறது.

துண்டை எவ்வளவு சின்னதாக வைத்துக்கொள்ளலாம்? தையலுக்குக் கால் இஞ்ச், அதாவது 6.35 மில்லிமீட்டர், ஒவ்வொரு பக்கமும் விட வேண்டும். 10 செ.மீ. சதுரத்தில் பரப்பளவில் 24 சதவீதம் தையலுக்குள் மறையும். 5 செ.மீ. சதுரத்தில் 44 சதவீதம். 3 செ.மீ. சதுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு! சின்னத் துண்டையும் வீணாக்கக் கூடாது என்று தைக்கிறோம், ஆனால் அதில் பெரும்பகுதி உள்ளே மடிந்து கிடக்கிறது. 4 செ.மீ.க்குக் கீழே உள்ளதை நான் பொம்மைக்குத் திணித்துவிடுவேன்.

முக்கோணம் தைப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்கும். தைத்து முடித்தபின் வர வேண்டிய அளவோடு முக்காலே அரைக்கால் (7/8) இஞ்ச் சேர்த்துச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை அறுத்து இரண்டு முக்கோணமாக்க வேண்டும். ஏன் அந்த விநோத அளவு? செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கமும் கால் இஞ்ச் வெளியே தள்ளிக் கோடு போட்டால், செங்கோணத்தை ஒட்டிய பக்கம் கால் இஞ்சைப் போல் (2 + √2) மடங்கு நீளும். விடை 0.854 இஞ்ச். டேப்பில் அதற்கு மிக அருகில் உள்ள கோடு 0.875. கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டு, தைத்தபின் சீவிக்கொள்கிறோம்.

நான்கு துண்டுகள் சந்திக்கும் மூலையைத் தடவிப் பாருங்கள், ஒரு கட்டி தட்டுப்படும். தையல் மடிப்புகளை எல்லா வரிசையிலும் ஒரே பக்கம் சாய்த்திருந்தால் அங்கே ஒன்பது அடுக்குத் துணி சேரும், ஊசி முனை உடைவது அங்கேதான். ஒரு வரிசையில் இடப்பக்கமும் அடுத்த வரிசையில் வலப்பக்கமும் சாய்த்தால் அதே மூலையில் ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஐந்து என்று பிரிந்துவிடும். கூடவே ஒரு லாபம், எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று முட்டி நிற்பதால் தையல்கள் பிசகாமல் நேராகச் சந்திக்கின்றன.

ஒரு துண்டு பருத்திதானா என்று சந்தேகம் வந்தால், இடுக்கியால் நாலு நூலைப் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கலப்புத் துணி இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து குழப்பும். இதைப் பார்க்காமல் பருத்திக்கான சூட்டில் இஸ்திரி போட்டு, பளபளவென்று சுருங்கிப்போன பாலியெஸ்டர் துண்டு ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. குளிர்காலத்தின் உலர்ந்த காற்றில் பாலியெஸ்டர் கத்தரிப்புகள் நிலைமின்னேறி விரலை விட்டு இறங்காது. அதுவே பாதி அடையாளம்.

இந்த இரண்டு இழைகளுக்கும் ஈரத்தில்தான் பெரிய வித்தியாசம். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. தூங்கும்போது தோலிலிருந்து வெளியேறும் ஆவியைப் பருத்தி வாங்கிக்கொள்வதால் உள்ளே பிசுபிசுப்பதில்லை. பதிலுக்கு அந்த ஈரம் இழைகளைத் துவளச் செய்கிறது, பஞ்சு படிகிறது, காற்று குறைகிறது. வெயிலில் உலர்த்தி இரண்டு தட்டுத் தட்டினால் போர்வை மறுபடி உப்புவது இதனால்தான்.

முதல் சலவையில் இன்னொன்று நடக்கும். பருத்திப் பஞ்சு 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். முன்பே துவைத்த முகப்புத்துணி அவ்வளவு சுருங்காது. மிச்சமாகும் துணி ஒவ்வொரு தையலின் இரு பக்கமும் குட்டிக் குட்டி மேடாக எழும்பும். கடையில் வாங்கியதுபோல் விறைத்திருந்த போர்வை ஒரே நாளில் பத்து வருடம் பழையதுபோலக் குழைந்துவிடும், கோணல் தையல்கள் அந்தச் சுருக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். என் முதல் போர்வையின் ஓரத்து அலை மட்டும் எத்தனை சலவைக்கும் மசியவில்லை. அந்தப் பக்கத்தைக் கால்மாட்டில் வைத்துப் போர்த்திக்கொள்கிறேன்.